காவியும் சுமையும்

ஒரே பாடசாலையில், ஒரே நாளில், மூன்று வகுப்பறைகளின் கரும்பலகைகளில் ‘காவி’ என்ற சொல்லைக் காணலாம். இணைந்த கணித வகுப்பில் அது பருமனும் திசையும் உடைய ஒரு கணியம். சுகாதாரப் பாடத்தில் அது நுளம்பு. உயர்தர உயிரியலில் அது ஒரு பரம்பரையலகைக் கலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வைரசு. தமிழ் படிப்பிக்கிற என்னிடம் பிள்ளைகள் வந்து கேட்பதுண்டு: “ஏன் சேர் மூணுக்கும் ஒரே பேர்?”

ஆங்கிலத்திலும் மூன்றுக்கும் ‘வெக்டர்’ என்ற ஒரே சொல்தான். இலத்தீனில் அதற்குச் சுமந்து செல்பவர் என்று பொருள். வாகனத்தைக் குறிக்கும் ‘வெஹிக்கிள்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. தமிழகத்துப் பாடநூல்களில் கணிதத்துக்குத் திசையன், உயிரியலுக்குக் கடத்தி என இரு சொற்கள் வழங்குகின்றன. நமது பாடநூல்களில் எல்லாமே காவிதான். பழந்தமிழில் ‘கா’ என்பது இரு முனையிலும் சுமை கட்டித் தோளில் தூக்கும் தண்டு. காவடி என்ற சொல்லிலும் அந்தக் ‘கா’ இருக்கிறது. ‘தண்ணி காவுறது’, ‘மூட்டை காவுறது’ என்று நாம் இன்றைக்கும் வீட்டில் பேசுகிறோம். ஆகவே சொல்லைக் கேட்டவுடனேயே நமது பிள்ளைக்கு ஒரு விடயம் விளங்கிவிட வேண்டும்: காவுவது ஒன்று, காவப்படும் சுமை வேறொன்று.

இந்தச் சிறிய வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டால் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகால நோய் ஆராய்ச்சியின் பெரும் பகுதியை ஒரு கோட்டில் விளங்கிக்கொள்ளலாம். அதைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நமது சமூகம் அண்மையில் கண்டது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

நுளம்பு நோயல்ல

“நுளம்பு கடிச்சா டெங்கு வரும்” என்கிறோம். பேச்சுக்கு அது சரி. ஆனால் முட்டையிலிருந்து குடம்பியாகி, கூட்டுப்புழுவாகிப் பறந்து வருகிற நுளம்பு பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருகிறது. அதிலும் ஆண் நுளம்பு கடிப்பதில்லை. முட்டையை விளைவிக்க இரத்தத்திலுள்ள புரதம் தேவைப்படுவதால் பெண் நுளம்புதான் கடிக்கிறது. வைரசு இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை அது கடித்தால்தான் சுமை ஏறுகிறது. ஏறிய சுமையும் உடனே இறங்காது. வைரசு முதலில் நுளம்பின் குடலில் பெருகி, உடலெங்கும் பரவி, கடைசியாக உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாட்கள் செல்லும். அதன் பிறகு, நுளம்பு உயிரோடிருக்கும் காலமெல்லாம், ஒவ்வொரு கடியிலும் உமிழ்நீரோடு வைரசும் இறங்குகிறது.

எனவே நுளம்பை நூளானா என்று மட்டும் பார்க்காமல், அதைத் தபால்காரரைப்போல அல்ல, வாடகை வீட்டுக்காரரைப்போலவும் பார்க்க வேண்டும். ஈ தன் காலில் ஒட்டிய அழுக்கைச் சோற்றில் வைப்பது பொறிமுறைக் காவுதல். நுளம்பு செய்வது உயிரியல் காவுதல். சுமை அதன் உடலுக்குள் தங்கி வளர்கிறது. காய்ச்சல்காரரை வலைக்குள் படுக்க வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான். அவரைக் கடிக்க நுளம்புக்கு வாய்ப்பில்லாவிட்டால் சுமை ஏறாது.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நீண்ட காலம் சென்றது. 1877இல் சீனாவின் அமோய் நகரில் பற்றிக் மான்சன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர், யானைக்கால் நோயின் நுண்புழு நுளம்பின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி செகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ், மலேரியா ஒட்டுண்ணியை அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் கண்டார். அடுத்த ஆண்டு கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக்கைக் காவுவது எலியின் தெள்ளு என்று காட்டினார். தெள்ளு நிறைந்த ஒரு நோயுற்ற எலியைப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அது தொட முடியாதபடி இன்னொரு நல்ல எலியைக் கம்பிக்கூட்டுக்குள் மேலே தொங்கவிட்டார். தெள்ளு பாய்ந்தது, நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. தெள்ளு இல்லாத எலியை வைத்தபோது மற்றதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த இடத்தில் அம்வாஸ் கொள்ளைநோயை நினைக்காமல் இருக்க முடியாது. ஹிஜ்ரி 18இல் ஷாமில் அது பரவியபோது கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து படையோடு மதீனாவுக்குத் திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்ன செய்தி நமக்குத் தெரிந்ததே. தெள்ளைப் பற்றி அன்றைக்கு எவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் 1250 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆனாலும் அந்த நெறி செய்த வேலை, சுமை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் காவப்படுவதை நிறுத்தியதுதான்.

காவியைக் கொல்வதா, சுமையை இறக்குவதா?

நமது நாட்டின் மலேரியா வரலாறு இதற்கு நல்ல பாடம். 1934இல் மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் ஆற்றில் வளர முடியாத அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு அந்தக் குட்டைகள் வாய்ப்பாகின. 1934 - 35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள்.

1940களின் நடுப்பகுதியிலிருந்து வீட்டுச் சுவர்களுக்கு டிடிரி மருந்து அடிக்கப்பட்டது. காவியைக் கொல்வதே அன்றைய வழி. பலன் பெரியது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. வேலை முடிந்தது என்று நினைத்து மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். நுளம்பு மீண்டும் பெருகியது. எஞ்சியிருந்த சிறு சுமையை அது ஊரூராகக் காவியது. 1969இல் நோயாளர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. மருந்துக்கும் நுளம்பு பழகிப்போனது.

பின்னர் வழி மாறியது. நுளம்பைக் கட்டுப்படுத்துவதோடு, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப்பிடித்து, இரத்தம் சோதித்து, ஒட்டுண்ணி முற்றாக ஒழியும்வரை மருந்து கொடுத்தார்கள். யுத்த காலத்தில்கூட இந்த வேலை முற்றாக நின்றுவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது: நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. காவி இருக்கிறது, சுமை இல்லை. அதனால்தான் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களின் இரத்தத்தை இன்றும் சோதிக்கிறார்கள். போதாததற்கு, கிணறுகளிலும் நகரத்துத் தாங்கிகளிலும் வளரக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற புதிய நுளம்பு மன்னாரில் இருப்பது 2017இல் தெரியவந்தது. ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், போன நாட்டின் பெயரை டொக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் இந்த நாட்டின் பல வருட உழைப்பு தங்கியிருக்கிறது.

டெங்கில் இவ்வளவு தூரம் வர முடியவில்லை. 2017இல் மட்டும் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்கள் பதிவானார்கள். வைரசை உடலிலிருந்து ஒழிக்கும் மருந்து கிடையாது. ஆகவே மலேரியாவில் செய்ததுபோல நோயாளியிடமிருந்து சுமையை இறக்க வழியில்லை. இங்கே ஆராய்ச்சியாளர்கள் மூன்றாவதொரு வழியைக் கண்டார்கள். வொல்பாக்கியா என்ற பற்றீரியா பல பூச்சியினங்களில் இயல்பாகவே வாழ்கிறது. டெங்கைக் காவும் ஈடிஸ் எஜிப்டை நுளம்பில் அது இயல்பாக இல்லை. அதனை அந்த நுளம்பின் முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தினார்கள். தாயிலிருந்து பிள்ளைகளுக்கு அது கடந்து செல்கிறது. அது குடியிருக்கும் நுளம்பில் டெங்கு வைரசு இலேசில் பெருகாது. நுளம்பு பறக்கும், கடிக்கும். சுமை மட்டும் ஏறாது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் நடந்த ஆய்வில், இவ்வாறான நுளம்புகளை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். இலங்கையிலும் நுகேகொடையிலும் கொழும்பின் ஒரு பகுதியிலும் 2020இல் அவை விடப்பட்டன.

காவிக்கு நல்ல சுமை

காவியைக் கொல்வது, சுமையை ஒழிப்பது, சுமை ஏறாமல் தடுப்பது என மூன்று வழிகளைப் பார்த்தோம். நான்காவது வழி இவற்றிலும் துணிச்சலானது: காவியிடமிருந்து கெட்ட சுமையை இறக்கிவிட்டு நல்ல சுமையை ஏற்றுவது.

வைரசு என்பது புரதக் கூட்டுக்குள் சுற்றிவைத்த பரம்பரைத் தகவல். தானாக அதனால் பெருக முடியாது. ஆனால் ஒரு கலத்தின் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, தன் தகவலை அங்கே இறக்கிவைக்கும் கலையில் அதற்கு நிகர் இல்லை. ஆய்வாளர்கள் வைரசைப் பெருகச் செய்யும் பரம்பரையலகுகளை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாங்கள் விரும்பும் பரம்பரையலகை வைக்கிறார்கள். கூடு பழையது, சரக்கு புதியது.

இது ஏதோ தூர தேசத்து விடயமல்ல. 2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் முதன்முதலாகப் போடப்பட்ட கொவிஷீல்ட் ஊசி இவ்வகைதான். சிம்பன்சிக்குத் தடிமன் உண்டாக்கும் ஓர் அடினோ வைரசைப் பெருக முடியாதபடி செய்து, கொரோனா வைரசின் முள்ளுப் புரதத்துக்கான பரம்பரையலகை அதில் ஏற்றியிருந்தார்கள். நமது கலம் அந்தப் புரதத்தைச் சில நாட்கள் செய்து காட்டும். உடல் எதிரியின் முகத்தைப் பழகிக்கொள்ளும். இங்கே போடப்பட்ட ஸ்புட்னிக் ஊசியின் இரண்டு தடவைகளுக்கும் இரண்டு வேறு அடினோ வைரசுகளைப் பயன்படுத்தினார்கள். காரணம், முதல் ஊசியிலேயே உடல் காவியையும் பழகிக்கொள்ளும். அதே காவி மறுபடி வந்தால் சுமையை இறக்கவிடாமல் வாசலிலேயே மறித்துவிடும். பைஸர் ஊசியில் வைரசுக் காவியே இல்லை. கொழுப்பினால் செய்த நுண்துளி அந்த வேலையைச் செய்தது. சினோபார்மில் காவி என்ற பேச்சுக்கே இடமில்லை. அது செயலிழக்கச் செய்த முழு கொரோனா வைரசு.

பரம்பரை நோய்களைக் குணப்படுத்தவும் இதே காவிகள் உதவுகின்றன. ஆனால் பாதை இலேசாக இருக்கவில்லை. 1999 செப்டெம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞருக்கு அடினோ வைரசுக் காவி ஈரலுக்குச் செல்லும் நாடியில் ஏற்றப்பட்டது. அவருடைய உடல் காவிக்கு எதிராகக் கடுமையாகக் கொந்தளித்தது. நான்கு நாட்களில் மரணமானார். அதே காலத்தில் பாரிஸில், நோயெதிர்ப்பே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு இன்னொரு வகை வைரசுக் காவியால் சிகிச்சை நடந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. ஆனால் 2002 முதல் அவர்களில் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் தோன்றியது. அந்தக் காவி, கலத்தின் நிறமூர்த்தத்துக்குள்ளேயே சுமையைச் செருகும் வகை. செருகிய இடம் கலப்பெருக்கத்தோடு தொடர்புள்ள ஒரு பரம்பரையலகுக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டது. சுமை நல்லது, இறக்கிய இடம் பிழை.

அந்த மரணங்களுக்குப் பிறகே பாதுகாப்பான காவிகளைத் தேடும் ஆராய்ச்சி வேகம் கொண்டது. எயிட்ஸை உண்டாக்கும் வைரசையே எடுத்து, நோயாக்கும் பகுதிகளை முற்றாக நீக்கி, காவியாக்கினார்கள். இன்றைக்கு அந்தக் காவி தலசீமியாவுக்கு உதவுகிறது. தலசீமியாப் பிள்ளையின் உடலால் ஈமோகுளோபினைச் சரியாகச் செய்ய முடியாது. சில வாரங்களுக்கொரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் சேரும் இரும்பை அகற்ற ஆயுள் முழுக்க மருந்தும் வேண்டும். 2022 ஓகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சையில், நோயாளியின் இரத்தம் உண்டாக்கும் மூலக்கலங்களை வெளியே எடுத்து, இந்தக் காவியால் சரியான பரம்பரையலகை ஏற்றித் திருப்பிச் செலுத்துகிறார்கள். சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலானோருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை இல்லாமற் போனது. விலை 28 லட்சம் அமெரிக்க டொலர். நமது பிள்ளைகளுக்கு அது எப்போது எட்டும் என்பது விஞ்ஞானத்தைவிட நீதியைச் சார்ந்த கேள்வி.

மனிதருக்கு அந்தப் பெயர்

இங்கேதான் நமது கலைச்சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. தலசீமியாவுக்குரிய பரம்பரையலகைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு நோய் இல்லை. சாதாரணமாக வாழ்வார். அவரையும் நாம் ‘தலசீமியா காவி’ என்கிறோம். ஆங்கிலத்தில் நுளம்புக்கு ஒரு சொல், இவருக்கு வேறொரு சொல். தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. “அவ காவியாம்” என்று ஒரு பெண்பிள்ளையைப் பற்றிக் கல்யாணப் பேச்சில் சொல்லும்போது, கேட்பவர் காதில் விழுவது நுளம்புதான். இவரிடமிருந்து எவருக்கும் எதுவும் தொற்றாது. இருவருமே இந்தப் பண்புடையவராக இருந்து மணம் முடித்தால் மட்டும், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரலாம். சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருப்பதால் நிக்காஹுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வது பெரிய உபகாரம். இதைச் சொல்ல ‘தலசீமியாப் பண்புடையவர்’ என்பது போதும். மனிதருக்குக் காவி என்ற பெயர் வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2020இல் கொரோனாவைக் காவித் திரிபவர்கள் என்று நமது சமூகத்தைச் சுட்டிய பேச்சு நாடெங்கும் உலாவியது. உயிரியலின் கணக்கில் தொற்றிய மனிதர் நோயாக்கியின் ‘விருந்து வழங்கி’. நமது பாடநூல்கள் வைத்த இந்தப் பெயரில் எவ்வளவு துயரம் இருக்கிறது பாருங்கள்: அழையாமல் வந்த விருந்தாளிக்கு உடலையே பரிமாறுகிறார். வைரசுக்கு அவருடைய மதம் தெரியாது.

பிறகு நிலத்தடி நீரையும் காவியாக்கினார்கள். 2020 ஏப்ரலில் கொவிட்டில் மரணித்தோரை எரிப்பது கட்டாயமாயிற்று. புதைத்தால் வைரசு நிலத்தடி நீரில் கலக்கும் என்றார்கள். பிறந்து 20 நாளான குழந்தையின் மையித்தும் எரிக்கப்பட்டது. தண்ணீர் நோயைக் கொண்டுசெல்லும் என்பது பொதுவாக உண்மைதான். வாந்திபேதி அப்படித்தான் பரவுகிறது. அந்தப் பற்றீரியா தண்ணீரில் உயிர்வாழும், வாய் வழியே குடலுக்குள் போகும். ஆகவே கேள்வியைக் கேட்டதில் பிழையில்லை. விடையை ஆராயாமல் விட்டதுதான் அநீதி. வைரசு பெருக உயிருள்ள கலம் வேண்டும். மையித்தில் கலங்கள் இறந்துவிடுகின்றன. கொரோனா வைரசைச் சுற்றியுள்ள கொழுப்புறை இலகுவில் சிதையக்கூடியது. அது மனிதரைப் பற்றுவது சுவாசத்தின் வழியே. புதைக்கலாம், எரிக்கலாம் என இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்தே இருந்தது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் இங்கே நல்லடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஓட்டமாவடியின் மண் அந்த மையித்துகளை ஏற்றது. 2024 ஜூலையில் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது.

ஒன்றைக் காவி என்று எவராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். எதைக் காவுகிறது? அந்தச் சுமை அதில் எப்படி ஏறுகிறது? வழியில் அது உயிர்வாழுமா, பெருகுமா? எங்கே, எந்த வாசலால் இறங்குகிறது? நுளம்பைப் பற்றிக் கேட்டால் நான்குக்கும் விடை உண்டு. ஊசியில் வரும் அடினோ வைரசைப் பற்றிக் கேட்டாலும் விடை உண்டு. ஆகவே அதை விளங்கி ஏற்கவோ, மிக அரிதாக ஏற்பட்ட இரத்த உறைவு போன்ற பக்கவிளைவுகளை நிதானமாக விசாரிக்கவோ நம்மால் முடியும். ஒரு சமூகத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு கேள்விக்கும் விடை வராது. விடை வராத இடத்தில் அந்தச் சொல்லைக் கீழே இறக்கி வைத்துவிடுவதே அறிவுக்கும் மொழிக்கும் செய்யும் நியாயம்.